நிரூபணமானது என்று எழுதிக் கொடுத்தேன்

ஒரு சிப்பின் வடிவமைப்பில் பிழை இருப்பது தெரிந்தும், பிழை இல்லை என்று அறிக்கை கொடுத்தவன் நான். பிழையைக் கண்டுபிடித்துக் கொடுத்த டூலை, இனி அதைக் கண்டுபிடிக்க முடியாதபடி ஒரே ஒரு வரி எழுதித் தடுத்தேன். இலக்கணப்படி அந்த வரியில் குற்றம் எதுவும் இல்லை. டூல் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது. பிறகு அந்தப் பிழை வெளியே வந்து, பழி இன்னொருவர் தலையில் விழுந்தபோது வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். இரண்டில் இரண்டாவதுதான் பெரிய குற்றம். ஆனால் முதலாவது புரியாமல் அது புரியாது. அதற்கு எங்கள் தொழிலின் மொழிகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

பெங்களூரில் சிப் டிசைனராக இருக்கிறேன் என்றால், ஊரில் பலர் நான் சால்டரிங் கம்பியும் கையுமாக உட்கார்ந்திருப்பதாக நினைக்கிறார்கள். உண்மையில் என்னுடையது எழுத்து வேலை. ஒரு சிப்பில் இருக்கும் கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர்களை யாரும் ஒவ்வொன்றாக வரைவதில்லை. சர்க்யூட் ஒவ்வொரு கிளாக்கிலும் என்ன செய்ய வேண்டும் என்பதை ஒரு மொழியில் எழுதுகிறோம். அதை கேட்டுகளாகவும் கம்பிகளாகவும் மாற்றுவது சிந்தசிஸ் மென்பொருளின் பொறுப்பு.

இப்படிப்பட்ட மொழிகளில் இரண்டு நிலைத்தன. விஎச்டிஎல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் தேவையில் பிறந்தது. ஒப்பந்தக்காரர்கள் செய்து கொடுக்கும் சிப்புக்குள் என்ன நடக்கிறது என்பதைப் பல வருடம் கழித்தும் படித்துத் தெரிந்துகொள்ளும்படி ஆவணமாக்க ஒரு வழி வேண்டியிருந்தது. 1983இல் அந்தப் பொறுப்பு இன்டர்மெட்ரிக்ஸ், ஐபிஎம், டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் ஆகிய மூன்று நிறுவனங்களிடம் போனது. 1987இல் மொழி ஐஇஇஇ தரமானது. ஏறத்தாழ அதே காலத்தில், கேட்வே டிசைன் ஆட்டோமேஷன் என்ற நிறுவனத்தில் ஃபில் மூர்பியும் பிரபு கோயலும் வெரிலாக்கைக் கொண்டுவந்தார்கள். அது சிமுலேஷனுக்காக வந்த மொழி. சர்க்யூட் எப்படி நடந்துகொள்ளும் என்று கணினியில் ஓட்டிப் பார்ப்பதற்கு. 1995இல் அதுவும் ஐஇஇஇ தரமானது. ஆக, ஒன்று ஆவணத்துக்கு, மற்றொன்று ஒத்திகைக்கு. எழுதியதிலிருந்தே சர்க்யூட்டை உருவாக்கிவிடலாம் என்பது சிந்தசிஸ் டூல்கள் வந்த பிறகு பிடித்துக்கொண்ட வழக்கம்.

கல்லூரியில் சி கற்றுவிட்டு வருகிறவனுக்கு வெரிலாக் பழகிய முகமாகத் தெரியும். இஃப் இருக்கிறது, எல்ஸ் இருக்கிறது, கேஸ் இருக்கிறது. ஆனால் சி நிரலில் ஒரு வரி முடிந்துதான் அடுத்த வரி. சர்க்யூட்டில் எல்லாம் ஒரே நேரத்தில் நடக்கிறது. 'இஃப், எல்ஸ் இஃப்' என்று எழுதினால் அங்கே ஒரு முன்னுரிமை உருவாகிறது. முதல் நிபந்தனை உண்மையாகும் கிளாக்கில் இரண்டாவது நிபந்தனையை யாரும் பார்ப்பதில்லை. இரண்டும் ஒரே கிளாக்கில் வந்தால் இரண்டாவது காணாமல் போகும். இதைப் புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் வாரமே சொல்லிக் கொடுப்போம். நானே பலருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். என் பிழையும் சரியாக இதுவேதான்.

வடிவமைப்பை எழுத மொழி வந்துவிட்டது. அந்த வடிவமைப்பு எதைச் சாதிக்க வேண்டும் என்று சொல்லும் ஸ்பெக் மட்டும் வெகுகாலம் வேர்ட் ஃபைலில் ஆங்கில வாக்கியங்களாகவே கிடந்தது. எதிர்ப்பக்கம் இடம் இருந்தால் மட்டுமே அனுப்ப வேண்டும் என்று ஒரு வரி இருக்கும். இடம் காலியாகும் அதே கிளாக்கில் அனுப்பலாமா, அடுத்த கிளாக் வரை பொறுக்க வேண்டுமா என்பது அதில் இருக்காது. டிசைனர் ஒரு மாதிரி படிப்பார், வெரிஃபிகேஷன் செய்பவர் வேறு மாதிரி படிப்பார். அதிலாவது சண்டை வந்து விஷயம் வெளிவரும். இருவரும் ஒரே மாதிரி தப்பாகப் படித்துவிட்டால் எல்லா டெஸ்டும் பாஸ் ஆகிவிடும்.

இதற்கு மருந்து கணினியியலின் கோட்பாட்டுப் பக்கத்திலிருந்து வந்தது. 1977இல் அமீர் ப்னூலி, நிரல்களின் நடத்தையைப் பற்றிப் பேசக் காலத் தர்க்கத்தைப் பயன்படுத்தலாம் என்று காட்டினார். எப்போதும், என்றாவது, அதுவரை என்று நாம் பேச்சுவாக்கில் சொல்வதற்கெல்லாம் அதில் துல்லியமான பொருள் உண்டு. 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் எட்மண்ட் கிளார்க்கும் ஆலன் எமர்சனும், பிரான்சில் ஜோசப் சிஃபாகிஸும் அப்படி எழுதிய விதிகளை இயந்திரமே சரிபார்க்கும் முறையைக் கண்டார்கள். மாடல் செக்கிங் என்று பெயர். 2007க்கான டூரிங் விருது மூவருக்கும் அதற்காகவே கிடைத்தது. சிமுலேஷன் நாம் கொடுக்கிற உள்ளீட்டை மட்டும் ஓட்டிக் காட்டும். மாடல் செக்கர் வரக்கூடிய எல்லா உள்ளீடுகளையும், சர்க்யூட் போய்ச் சேரக்கூடிய எல்லா நிலைகளையும் அலசும். விதி உடைந்தால், எந்த கிளாக்கில் எந்த சிக்னல் மாறி உடைந்தது என்று வேவ்ஃபார்ம் வரைந்து காட்டும். உடையவே வழியில்லை என்றால் நிரூபணமானது என்று சொல்லும்.

1992இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஃபியூச்சர்பஸ் பிளஸ் என்ற தரத்தின் கேஷ் ஒத்திசைவு விதிமுறையை இப்படி அலசினார்கள். வல்லுநர் குழு உட்கார்ந்து எழுதி, ஐஇஇஇ வெளியிட்டிருந்த தரம் அது. அதிலேயே அதுவரை யார் கண்ணிலும் படாத பிழைகள் அகப்பட்டன. இரண்டே வருடத்தில் இன்டெல்லின் பென்டியம் பிராசசர் விவகாரம் வெடித்தது. வகுத்தலுக்கான அட்டவணையில் ஐந்து இடங்களில் மதிப்பு விடுபட்டிருந்ததால், 4195835ஐ 3145727ஆல் வகுத்தால் 1.33382 என்று வர வேண்டிய விடை 1.33373 என்று வந்தது. கணிதப் பேராசிரியர் தாமஸ் நைஸ்லி பகா எண்களை ஆராயும்போது கண்ட பிழை இது. இன்டெல் 47.5 கோடி டாலரைச் செலவுக் கணக்கில் எழுதியது. நிரூபணம் என்ற சொல்லைக் கேட்டால் கொட்டாவி விட்ட மேனேஜர்கள் அதன் பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். 2005இல் சிஸ்டம்வெரிலாக் தரமானபோது, விதிகளை எழுதும் வசதி வடிவமைப்பு மொழிக்குள்ளேயே வந்து சேர்ந்தது.

அந்த வசதியில் மூன்று கட்டளைகள் முக்கியம். அசர்ட் என்று எழுதினால், இது எப்போதும் உண்மை, நிரூபித்துக் காட்டு என்று பொருள். அஸ்யூம் என்று எழுதினால், இதை உண்மை என்று வைத்துக்கொள், இதை மீறும் எந்த நிலையையும் பார்க்காதே என்று பொருள். கவர் என்று எழுதினால், இப்படி ஒரு நிலை வர வழி இருக்கிறதா, இருந்தால் காட்டு என்று பொருள். அஸ்யூம் இல்லாமல் இந்த வேலையே நடக்காது. ஒரு பிளாக்கை மட்டும் பிரித்தெடுத்து அலசும்போது, பக்கத்து பிளாக் எப்படி நடந்துகொள்ளும் என்று சொல்லாவிட்டால், நடைமுறையில் வரவே வராத உள்ளீட்டையெல்லாம் டூல் கொடுத்து, இல்லாத பிழைகளைக் கொட்டும். அவற்றைக் களைய நேர்மையான வழி அஸ்யூம். நேர்மையற்றவனுக்கும் அதே வழிதான்.

என் பிளாக் ஒரு டேட்டா எஞ்சினின் அனுப்பும் பகுதி. எதிர்ப்பக்கத்தில் எட்டு பாக்கெட்டுக்கு இடம். அனுப்பும் பக்கம் ஒரு கவுன்டரில் எட்டு கிரெடிட்டோடு தொடங்கும். ஒரு பாக்கெட் போனால் ஒன்று குறையும். எதிர்ப்பக்கம் ஒன்றை எடுத்து முடித்துவிட்டால் ஒரு ரிட்டர்ன் சிக்னல் வரும், ஒன்று கூடும். கிரெடிட் பூஜ்யமானால் நிற்க வேண்டும். இதற்கு மேல் ஃபிளஷ் என்று ஒன்று: மென்பொருள் ஒரு ரெஜிஸ்டரில் எழுதினால், இன்னும் அனுப்பாமல் வரிசையில் காத்திருக்கும் பாக்கெட்டுகள் எல்லாம் ரத்தாகும். நான் எழுதியது இவ்வளவுதான்: ஃபிளஷ் வந்தால் வரிசையைக் காலி செய், இல்லாவிட்டால், ரிட்டர்ன் வந்தால் கிரெடிட்டை ஒன்று கூட்டு.

கல்யாண மண்டபத்தில் சாப்பாட்டு ஹால் வாசலில் ஒருவர் நின்று, காலி இலைக்கு ஏற்ப ஆள் அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டு இலை. ஒருவர் உள்ளே போனால் கணக்கில் ஒன்றைக் கழிப்பார், ஒருவர் கை கழுவி வெளியே வந்தால் ஒன்றைக் கூட்டுவார். காத்திருப்பவர்களை மாடி ஹாலுக்கு அனுப்பச் சொல்லி மேனேஜர் சத்தம் போடுகிறார். வாசல்காரர் வரிசைப் பக்கம் திரும்பி எல்லாரையும் மாடிக்கு அனுப்புகிறார். அவர் திரும்பிய அதே நொடியில் ஒருவர் சாப்பிட்டு முடித்து வெளியே வந்தால் கணக்கில் ஏறாது. ஒரு இலை காலி, கணக்கில் இல்லை. ஒரு தடவை நடந்தால் யாருக்கும் தெரியாது, பந்தி கொஞ்சம் மெதுவாகப் போகும். எட்டு தடவை நடந்தால் உள்ளே எட்டு இலையும் காலியாகக் கிடக்கும், வெளியே கூட்டம் நிற்கும், வாசல்காரர் இடமில்லை என்று சொல்லிக்கொண்டே இருப்பார்.

அந்த பிளாக்குக்கு நான் எழுதிய அசர்ட் நல்ல அசர்ட். அனுப்பும் பக்கத்தில் இருக்கும் கிரெடிட், வழியில் இருப்பவை, எதிர்ப்பக்கத்தில் இருப்பவை, எல்லாவற்றையும் கூட்டினால் எப்போதும் எட்டு. டூலை ஓட்டினேன். சட்டென்று உடைத்துக் கொடுத்தது. சிறிய வேவ்ஃபார்ம், ஒரே திரையில் அடங்கிவிட்டது. ஒரு பாக்கெட் போகிறது, எட்டு ஏழாகிறது. பிறகு ஒரு கிளாக்கில் ஃபிளஷ் சிக்னலும் ரிட்டர்ன் சிக்னலும் சேர்ந்தாற்போல் மேலே ஏறுகின்றன. அடுத்த கிளாக்கில் கிரெடிட் எட்டாக வேண்டும், ஏழிலேயே நிற்கிறது. கூட்டுத்தொகை வரிசை சிவப்பில். காரணம் தேட வேண்டிய அவசியமே இல்லை. பார்த்த மாத்திரத்தில் புரிந்தது.

திருத்தம் என்று பார்த்தால் ஒரு 'எல்ஸ்' சொல்லை எடுத்துவிட்டு இரண்டு தனித்தனி இஃப் ஆக்க வேண்டும். ஆனால் அந்த வாரம் ஆர்டிஎல் ஃபிரீஸ், அதாவது எழுதிய வடிவமைப்பை இனி மாற்றக் கூடாது என்று, அறிவித்தாகிவிட்டது. இனி ஒரு வரியைத் தொட்டாலும் மேனேஜரிடம் காரணம் சொல்லி அனுமதி வாங்க வேண்டும், சிந்தசிஸ் மறுபடி, டைமிங் மறுபடி. டைமிங் பார்க்கிறவர்கள் ஏற்கெனவே அந்தக் கவுன்டர் பாதையில் திணறிக்கொண்டிருந்தார்கள். இதெல்லாம் உண்மை. ஆனால் இதெல்லாம் காரணம் இல்லை. காரணம், வாராந்திரக் கூட்டத்தில் என் பிளாக் முடிந்தது என்று நானே எழுந்து சொல்லியிருந்தேன். மற்றவர்கள் இழுத்தடித்துக்கொண்டிருந்தபோது முதலில் முடித்தவன் என்ற பெயர் எனக்குக் கிடைத்திருந்தது. 'எல்ஸ் இஃப்' பிழை, அதுவும் புதுப்பையன்கள் செய்கிற பிழை, என் பிளாக்கில் என்று போய் நிற்க மனம் வரவில்லை.

எழுதினேன்: ஃபிளஷ் வரும் கிளாக்கில் ரிட்டர்ன் வராது. அஸ்யூம். பக்கத்தில் ஒரு கமென்ட்: டிராஃபிக் ஓடும்போது மென்பொருள் ஃபிளஷ் செய்யாது. மறுபடி ஓட்டினேன். எல்லா விதியும் பச்சை.

இந்த வரியில் இருக்கும் அயோக்கியத்தனத்தை நிதானமாகச் சொல்ல வேண்டும். ஃபிளஷ் மென்பொருளிலிருந்து வருகிறது. டிரைவர் எழுதுகிறவருக்கு ரெஜிஸ்டர் தெரியும். எந்த கிளாக்கில் ரிட்டர்ன் வரும் என்று அவருக்கு எப்படித் தெரியும்? நானோசெகண்ட் கணக்கில் உள்ளே நடப்பது வெளியே யாருக்கும் தெரியாது. ஆகவே அவர் அந்த வாக்கைக் காப்பாற்ற வேண்டும் என்று நினைத்தாலும் முடியாது. டிராஃபிக்கை நிறுத்திவிட்டு ஃபிளஷ் செய்யுங்கள் என்று ஸ்பெக்கில் எழுதியிருந்தால் முடிந்திருக்கும். அதை எழுதவில்லை. எழுதினால் ஏன் என்று கேட்பார்களே. யாரும் கொடுக்காத ஒரு வாக்கை, அவர்களுக்குத் தெரியாமல் அவர்கள் பெயரில் எழுதி வைத்தேன்.

இன்னொன்றும் செய்தேன். சிமுலேஷன் ஓடும்போது அஸ்யூமும் அசர்ட் போலவே சோதிக்கப்படும். மீறல் நடந்தால் பிழைச் செய்தி வரும். மொழியை வகுத்தவர்கள் யோசித்துத்தான் அப்படி வைத்திருக்கிறார்கள். ஒரு இடத்தில் உண்மை என்று எடுத்துக்கொண்டதை இன்னொரு இடத்தில் சோதிக்க வேண்டும் என்பதே இந்த முறையின் உயிர். எனக்கு அது தெரியும். ஆகவே அந்த ஃபைல் முழுவதையும் ஃபார்மல் டூலுக்கு மட்டும் தெரியும்படி இஃப்டெஃப் போட்டுச் சுற்றிவைத்தேன். சிமுலேஷனில் அந்த அஸ்யூமும் இல்லை, கூட்டுத்தொகை எட்டு என்ற அசர்ட்டும் இல்லை. ஃபிளஷும் ரிட்டர்னும் ஒரே கிளாக்கில் வர வழியுண்டா என்று ஒரு கவர் எழுதியிருந்தால், வழியே இல்லை என்று டூல் சொல்லி, படிக்கிறவர் புருவம் உயர்ந்திருக்கும். அதையும் எழுதவில்லை. ஐபிஎம்மின் ஹைஃபா ஆய்வகத்தினர் 1997இலேயே ஒன்றை எழுதியிருந்தார்கள். புதிய வடிவமைப்பை முதன்முதலில் ஓட்டும்போது சுமார் 20 சதவீத விதிகள் சோதிக்க எதுவுமே இல்லாமல் வெறுமனே தேறிவிடுகின்றன; அப்படித் தேறினால் வடிவமைப்பிலோ விதியிலோ சூழலிலோ உண்மையான கோளாறு இருக்கிறது என்பது அவர்கள் அனுபவம். அவர்கள் பேசியது தெரியாமல் நடப்பதைப் பற்றி. நான் தெரிந்தே செய்தேன்.

அந்தப் பிளாக்கின் சிமுலேஷனைப் பார்த்தவள் எங்கள் டீமில் புதிதாகச் சேர்ந்த பெண், திருநெல்வேலிப் பக்கம். ரிவ்யூவில் அந்த வரியில் வந்து நின்றாள்.

"அண்ணா, இந்த அஸ்யூம் ஸ்பெக்ல எங்க இருக்கு?"

"ஸ்பெக்ல இல்லம்மா. டிரைவர் பாத்துக்கும். டிராஃபிக் ஓடும்போது யாரும் ஃபிளஷ் பண்ண மாட்டாங்க."

"அப்ப ஸ்பெக்ல போட்டுடலாமா?"

"போடலாம். ஃபிரீஸ் முடியட்டும்."

அவள் தலையாட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போனாள். சீனியர் சொன்னால் அதுதான் சரி என்று நினைக்கிற வயது. நான் அதற்கப்புறம் அந்த ஃபைலைத் திறக்கவே இல்லை. மறந்துவிட்டேன் என்று சொன்னால் பொய். திறக்காமல் இருப்பதற்கு ஒவ்வொரு தடவையும் ஒரு சின்ன முயற்சி தேவைப்பட்டது. சைன்-ஆஃப் அறிக்கையில் என் பிளாக்குக்கு எதிரே எல்லா விதிகளும் நிரூபணமானது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அஸ்யூம்கள் எத்தனை, எவை என்று கேட்கும் கட்டம் அந்தப் படிவத்தில் இல்லை.

சிப் தயாரிக்கும் ஃபேபிலிருந்து சிப் வந்தது. பவர் கொடுத்ததும் எழுந்தது, டெமோ ஓடியது, லட்டு கொடுத்தார்கள். பிறகு நீண்ட நேரம் ஓட்டும் சோதனைகளில் போர்டு உறைய ஆரம்பித்தது. சில நேரம் ஒரு மணியில், சில நேரம் ராத்திரி முழுக்க ஓடி விடியற்காலையில். சிப்புக்குள் எல்லா சிக்னலையும் பார்க்க முடியாது. வெளியே கொண்டுவந்திருக்கும் சில டீபக் ரெஜிஸ்டர்கள் மட்டும்தான் கண். சாஃப்ட்வேர் டீம் டிடிஆர் மெமரியைச் சந்தேகப்பட்டது, போர்டு டீம் பவர் சப்ளையைச் சந்தேகப்பட்டது. உறைந்த நிலையில் என் கவுன்டரின் மதிப்பைப் படித்தபோது பூஜ்யம். எதிர்ப்பக்கம் எதுவும் இல்லை, எட்டு இடமும் காலி. அந்த மதிப்பு திரையில் வந்த கணமே எனக்கு விடை தெரியும். வாய் திறந்து சொல்லவில்லை. நானும் மற்றவர்களோடு சேர்ந்து தேடினேன், தேடுகிற மாதிரி. மறுநாள் தற்செயலாகக் கண்டுபிடித்தவன் போல, ஃபிளஷும் ரிட்டர்னும் சேர்ந்து வந்தால் கவுன்டர் தவறுகிறது என்று போய்ச் சொன்னேன். சபாஷ் என்று தட்டிக் கொடுத்தார்கள்.

டிரைவரில் மாற்றுவழி செய்தார்கள்: அனுப்புவதை நிறுத்து, எதிர்ப்பக்கம் காலியாகும்வரை காத்திரு, பிறகு ஃபிளஷ். வேகம் குறைந்தது, வாடிக்கையாளரிடம் சொன்ன எண்ணைக் காட்ட முடியவில்லை. அடுத்த ரிவிஷனில்தான் சரியானது. சிப் தயாரிக்கும் மாஸ்க்குகளை மாற்ற ஆன செலவை யாரும் என்னிடம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அதன் பின் வழக்கம்போல் காரணம் ஆராயும் கூட்டம். எக்செல் ஷீட்டில் ஒவ்வொரு பிழைக்கும் ஒரு வரிசை: ஏன் தப்பியது, யார் பொறுப்பு. என் பிழைக்கு எதிரே, சிமுலேஷனின் ரேண்டம் டெஸ்ட்கள் ஃபிளஷும் ரிட்டர்னும் ஒன்றாக வரும் நிலையைத் தொடவில்லை என்று எழுதினார்கள். பொறுப்பு: வெரிஃபிகேஷன். அவள் பெயர். மேனேஜர் அவளைப் பார்த்து, இனிமேல் கார்னர் கேஸ்களைக் கவனமாக யோசிக்க வேண்டும் என்றார். அவள் சரி சார் என்றாள். நான் இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தேன். ஃபார்மல் ஓட்டியிருந்தோமே, அது ஏன் பிடிக்கவில்லை என்று ஒருவர் கேட்டார். ஃபார்மலுக்கும் சில எல்லைகள் உண்டு என்று பதில் சொன்னது நான். அந்த வாக்கியத்தில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. டூல் பிடித்தது, காட்டியது, நான்தான் அதைப் பார்க்காதே என்று உத்தரவிட்டேன் என்பதை மட்டும் விட்டுவிட்டேன்.

அந்த வருட அப்ரைசலில் அவளுக்கு என்ன கிடைத்தது என்று எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன், அது அவளுடைய விஷயம். சில வருடம் கழித்து, அவள் வேறு இடத்துக்கு மாறிப் போய்விட்ட பின், ஒரு பொது நண்பர் வீட்டு விசேஷத்தில் பார்த்தேன். தனியாக நின்ற நேரத்தில் ஆரம்பித்தேன். பாதியில் நிறுத்தினாள்.

"தெரியும்ணா. அன்னைக்கே ஃபைல் ஹிஸ்டரி பாத்துட்டேன்."

எந்த வரியை யார், எப்போது எழுதினார் என்பதை வெர்ஷன் கன்ட்ரோல் வைத்திருக்கிறது. அஸ்யூம் என் பெயரில், டூல் பிழையைக் காட்டிய ஓட்டத்துக்குச் சில நிமிடம் பின்னால். அவள் கூட்டத்துக்கு வருவதற்கு முன்பே படித்திருக்கிறாள். பிறகும் சரி சார் என்றிருக்கிறாள். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்க சொல்லுவீங்கன்னு நெனச்சேன்" என்றாள். குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

வேறு மொழியில் எழுதியிருந்தால் இது நடந்திருக்குமா என்று தொழில் மூளை யோசிக்காமல் இல்லை. எம்ஐடியில் அர்விந்த் குழுவினரின் ஆராய்ச்சியிலிருந்து வளர்ந்த புளூஸ்பெக் என்ற மொழி உண்டு. சென்னை ஐஐடியின் சக்தி பிராசசர்கள் எழுதப்பட்டது அதில்தான். அதில் ஒவ்வொரு நிகழ்வையும் தனி விதியாக எழுத வேண்டும். விதி நடந்தால் முழுதாக நடக்கும், இல்லாவிட்டால் நடக்கவே நடக்காது. ஃபிளஷ் வரிசையைத் தொடுகிறது, ரிட்டர்ன் கவுன்டரைத் தொடுகிறது. இரண்டு விதிகளும் ஒரே கிளாக்கில் பக்கத்தில் பக்கத்தில் நடந்திருக்கும். இரண்டும் ஒரே ரெஜிஸ்டரைத் தொட்டு முட்டிக்கொண்டால் கம்பைலர் அதைச் சொல்லி, ஒன்றைக் காத்திருக்க வைக்கும். ஒன்று மற்றொன்றை விழுங்காது. ஆகவே என் 'எல்ஸ் இஃப்' அங்கே பிறந்திருக்க வாய்ப்புக் குறைவு. லெஸ்லி லாம்போர்ட்டின் டிஎல்ஏ பிளஸ் மொழியில் நெறிமுறையை முன்கூட்டியே எழுதி அலசியிருந்தாலும் இது சிக்கியிருக்கலாம். அமேசான் பொறியாளர்கள் அதைக்கொண்டு டைனமோடிபியில் கண்ட ஒரு பிழைக்கு, அதைத் தூண்டும் மிகக் குறுகிய வழியே 35 படிகள் நீளம். என்னுடையதை அதன் அருகில் வைத்தால் எல்.கே.ஜி.

ஆனால் இந்த யோசனை என்னைத் தப்பவைக்க என் மனம் கட்டும் வேலை என்பதும் எனக்குத் தெரிகிறது. பிழை பிறந்ததற்கு மொழியைச் சொல்லலாம். பிழையை மறைத்ததற்கு எந்த மொழியையும் சொல்ல முடியாது. எந்த மொழியில் எழுதினாலும் சூழல் எப்படி நடந்துகொள்ளும் என்று யாரோ ஒருவர் எழுதித்தான் ஆக வேண்டும், அந்த இடத்தில் அவர் இஷ்டத்துக்கு எழுதலாம். ஆங்கில ஸ்பெக்கில் மழுப்பினால் மழுப்பல் மாதிரியே தெரியும். துல்லியமான மொழியில் சொன்ன பொய்க்குத் துல்லியத்தின் மரியாதை கிடைத்துவிடுகிறது. பச்சை நிறத்தில் வந்த அறிக்கையை யாரும் இரண்டாம் முறை படிப்பதில்லை.

இப்போது மற்றவர்களின் வேலையை ரிவ்யூ செய்யும் இடத்தில் இருக்கிறேன். அசர்ட்களைப் பிறகு பார்க்கிறேன், அஸ்யூம் ஃபைலை முதலில் திறக்கிறேன். ஒவ்வொரு அஸ்யூமுக்கும் பக்கத்து பிளாக்கில் அதே விதி அசர்ட்டாக இருக்கிறதா, சிமுலேஷனிலும் ஓடுகிறதா, அந்த வாக்கைக் கொடுத்தவர் யார், அவருக்குத் தெரியுமா என்று கேட்கிறேன். சைன்-ஆஃப் படிவத்தின் முதல் பக்கத்தில் அஸ்யூம்களின் பட்டியலும், ஒவ்வொன்றுக்கும் எதிர்ப்பக்கத்தவரின் கையெழுத்தும் இருக்க வேண்டும் என்று சண்டை போட்டுச் சேர்த்திருக்கிறேன். இளைஞர்கள் சலித்துக்கொள்கிறார்கள். அவர்களுக்கு ஒரு கதை சொல்வேன்: ஒரு புராஜெக்ட்ல ஒருத்தர் இப்படி ஒரு வரி போட்டார், சிப் உறைஞ்சு போச்சு. எல்லாரும் சிரிப்பார்கள், அவர் அப்புறம் என்ன ஆனார் என்று கேட்பார்கள். தெரியாது என்பேன்.

இத்தனை நாள் படர்க்கையில் சொன்னதை இங்கே தன்மையில் எழுதியிருக்கிறேன். இதனால் அவள் இழந்த வருடம் திரும்பி வராது. என்னோடு வேலை செய்தவர்கள் இதைப் படித்துவிட்டு, நான் கையெழுத்துப் போட்ட மற்ற அறிக்கைகள் எந்த லட்சணத்தில் இருக்குமோ என்று சந்தேகப்பட்டால் அது நியாயமே. பழைய ஃபைல்கள் எல்லாம் சர்வரில்தான் இருக்கின்றன. திறந்து, அஸ்யூம் என்று தேடி, ஒவ்வொரு வரியாகப் படிக்கட்டும். கேள்வி வந்தால் பதில் சொல்லக் கடமைப்பட்டவன் நான்.